வாலே சுக்கான்: கடலில் வழி கற்கும் மீன் ரோபோக்கள்

மெர்சிங் படகுத்துறையில் தியோமான் படகு ஏறும்போது, இருக்கை பிடிப்பதில்தான் நம் கவனம் முழுவதும் இருக்கும். அடுத்த முறை ஏறினால் தெக்கோங்கின் கைகளைக் கவனியுங்கள். ஆற்றுக்குள் படகு மெதுவாக நகரும். அப்போது சக்கரத்தை நிறையச் சுற்றினால்தான் படகின் மூக்கு கொஞ்சமாவது திரும்பும். முகத்துவாரம் தாண்டி வேகம் எடுத்ததும் அதே சக்கரத்தை இலேசாகத் தொட்டாலே போதும். பயணிகள் நிறைந்திருந்தால் ஒரு பிடி, காலிப் படகு என்றால் வேறு பிடி. பக்கவாட்டில் அலை அடித்தால் அதற்கும் ஒரு பிடி உண்டு. எந்த வாய்பாட்டையும் பார்த்து அவர் இதைச் செய்வதில்லை. கொஞ்சம் திருப்புகிறார், படகு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்கிறார், அடுத்த திருப்பலை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்.

இந்தப் பழக்கத்திற்குப் பொறியியலில் ஒரு பெயர் இருக்கிறது: தகவமைப்புக் கட்டுப்பாடு. மீனைப் போல் வாலசைத்து நீந்தும் ரோபோக்களைச் செய்பவர்கள், தெக்கோங்கின் இந்தத் திறமையை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப் பாடுபடுகிறார்கள். மீனின் உருவத்தைச் செய்வது அவ்வளவு கடினம் இல்லை. அது நினைத்த திசையில் போக வேண்டும் என்பதுதான் கடினம். ஏன் என்று இந்த வாரம் பார்ப்போம்.

எதற்காக மீன் வடிவம்?

நீருக்கடியில் போகும் ரோபோக்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எண்ணெய்க் குழாய்களைப் பார்வையிடவும் மூழ்கிய கப்பல்களைத் தேடவும் அவை பயன்படுகின்றன. பெரும்பாலானவை சுழலும் உந்துவிசிறியால், அதாவது புரோப்பெல்லரால், நகர்பவை. புரோப்பெல்லர் எளிமையானது, வலிமையானது, கட்டுப்படுத்தவும் சுலபம். பிறகு வால் எதற்கு?

நம் கடலையே எடுத்துக்கொள்வோம். மெர்சிங்கிற்கு எதிரே இருக்கும் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் வெளிகள் உள்ளன. அந்தப் புல்லை மேய வருகிறது ஆவுளியா எனப்படும் கடற்பசு. மலாய் மொழியில் டூயோங். மலேசியாவில் கடற்பசுக்கள் எஞ்சியிருக்கும் முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. கடல் பாலூட்டிகளை ஆராயும் மரேசெட் அமைப்பின் இணை நிறுவனரான டாக்டர் லூயிசா பொன்னம்பலம் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பகுதியின் கடற்பசுக்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் இதே விலங்கைக் காப்பதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ஆம் ஆண்டில் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வானிலிருந்து பார்த்தால் கடற்பசு மூச்சு விட மேலே வருவது தெரியும். அது கீழே என்ன மேய்கிறது, புல் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, எங்கே அழிகிறது என்பதை நீருக்கடியில் போய்த்தான் பார்க்க வேண்டும். அங்கே புரோப்பெல்லருக்குச் சிக்கல்கள் வருகின்றன. நீண்ட இலைகளும் அறுந்த வலைகளும் அதில் சுற்றிக்கொள்ளலாம். அடித்தளத்துக்கு மிக அருகில் சுழன்றால் மணலைக் கிளப்பிவிடும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. சுழலும் தகடுகளின் சத்தம் விலங்குகளை விலகி ஓடவும் வைக்கலாம். மெதுவாக அசையும் ஒரு வாலுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. படம் எடுக்க வந்த கருவியைக் கண்டு படத்தில் இருக்க வேண்டியவர் ஓடிவிட்டால் என்ன பயன்? மீன் வடிவத்துக்கு இருக்கும் வலுவான நியாயம் இதுதான்.

கம்பத்தில் கட்டிய சூரை

1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் மைக்கேல் டிரையன்டாஃபிலோ என்ற பேராசிரியரின் குழு, ரோபோடூனா என்ற இயந்திரச் சூரை மீனைச் செய்தது. டேவிட் பாரெட் என்ற ஆய்வு மாணவர் அதன் முதன்மை வடிவமைப்பாளர். வேகத்துக்குப் பெயர்போன நீலத்துடுப்புச் சூரையின் உடலமைப்பை அவர்கள் பின்பற்றினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சூரை தானாக எங்கும் போகவில்லை. நீண்ட சோதனைத் தொட்டியின்மேல் ஓடும் வண்டியிலிருந்து இறங்கிய கம்பத்தில் அது பொருத்தப்பட்டிருந்தது. வாலசைவால் எவ்வளவு ஆற்றல் மிச்சமாகிறது என்று அளப்பதே நோக்கம். இடது வலது என்ற கேள்வியே எழவில்லை. அதன்பின் அதே கல்விக்கழகத்தில் உருவான ரோபோபைக் கட்டில்லாமல் நீந்தியது, திரும்பவும் செய்தது. ஆனால் கரையில் நின்ற மனிதர்தான் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் அதைத் திருப்பினார்.

கம்பத்தை அவிழ்த்து, மனிதரையும் அகற்றினால் என்ன ஆகும்? அங்கேதான் மூன்று தொல்லைகள் காத்திருக்கின்றன.

முதல் தொல்லை: மீனுக்கு எந்திரமும் சுக்கானும் ஒன்றுதான். படகில் பின்னால் எந்திரம் தள்ளும், சுக்கான் திருப்பும். இரண்டும் தனித்தனி வேலை. மீன் ரோபோவில் வால்தான் தள்ளுகிறது, வால்தான் திருப்புகிறது. நேராகப் போக வால் இடமும் வலமும் சமமாக அசைய வேண்டும். இடப்பக்கம் திரும்ப, அசைவின் நடுக்கோட்டையே சற்று இடப்பக்கம் ஒதுக்கி வைத்து அசைக்க வேண்டும். இந்த ஒதுக்கலை 'வால் சாய்வு' என்று வைத்துக்கொள்வோம். வாலை அசைப்பதையே நிறுத்திவிட்டால், மீதமிருக்கும் வேகம் குறையக் குறையத் திரும்பும் திறனும் போய்விடும்.

இரண்டாம் தொல்லை: ஒரே சாய்வு எப்போதும் ஒரே அளவு திருப்பாது. நீர் தரும் விசை, வால் நகரும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது. வாலை இரண்டு மடங்கு வேகமாக அசைத்தால் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நேற்று 10 பாகை சாய்வு அழகாகத் திருப்பியது என்றால், இன்று மின்கலம் தீர்ந்து வால் மெதுவாக அசையும்போது அதே 10 பாகை போதாது. எதிர்நீரோட்டம் வந்தாலோ வயிற்றுக்குள் புதிய கேமரா வைத்தாலோ கணக்கு மறுபடி மாறும்.

மூன்றாம் தொல்லை: வால் ஒரு பக்கம் அடித்தால் தலை மறுபக்கம் ஆடும். நியூட்டனின் மூன்றாம் விதிதான். நேராக நீந்தும்போதும் மீன் ரோபோவின் மூக்கு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அதற்குள் இருக்கும் திசைகாட்டி ஒவ்வொரு கணமும் வேறு எண் காட்டும். '5 பாகை வலப்பக்கம் விலகிவிட்டேன்' என்று அது பதறித் திருத்தப் போனால், அரை நொடியில் அது தானாகவே இடப்பக்கம் வந்திருக்கும். இல்லாத பிழையைத் திருத்தி, இருக்கும் நேர்மையைக் கெடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு முழு வாலடி முடியும்வரை பொறுத்து, சராசரியை எடுத்து, அதன்பின் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கடல் நீர் ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். எனவே ஜிபிஎஸ் அடியில் கிடைக்காது. திசைகாட்டி, சுழற்சியை அளக்கும் கைரோ, ஆழத்தைச் சொல்லும் அழுத்த உணரி ஆகியவையே துணை.

சுக்கான் பிடிப்பவரின் மூன்று பழக்கங்கள்

திசையைத் தானாகக் காக்கும் கருவிகளின் கதை, மீனுக்கு முன்பே கப்பலில் தொடங்கிவிட்டது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், அமெரிக்கக் கடற்படைக்காகத் தானியங்கிச் சுக்கானை உருவாக்கும் வேலையில் இருந்தார். அனுபவமுள்ள சுக்கான்காரர் என்னதான் செய்கிறார் என்று அவர் ஆராய்ந்தார். 1922-இல் வெளிவந்த அவரது கட்டுரை இன்றைக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலின் அடித்தளங்களில் ஒன்று. யுஎஸ்எஸ் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் அவரது கருவி சோதிக்கப்பட்டது.

நல்ல சுக்கான்காரர் மூன்றைக் கவனிக்கிறார். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பது ஒன்று. கொஞ்ச நேரமாகவே ஒரே பக்கம் விலகிக்கொண்டிருக்கிறோமா என்பது இரண்டு. விலகல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது மூன்று. நிகழ்காலம், கடந்தகாலம், எதிர்காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் தகுந்த எண்களால் பெருக்கிக் கூட்டினால், சுக்கானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற விடை வரும். இதைத்தான் இன்று பிஐடி கட்டுப்பாடு என்கிறோம். தொழிற்சாலையின் வெப்பநிலை முதல் ட்ரோனின் சமநிலை வரை எங்கும் இது இருக்கிறது.

'தகுந்த எண்கள்' என்ற சொல்லில்தான் சிக்கல். அவற்றை யார் தேர்ந்தெடுப்பது? பொறியாளர் ஒரு நாள் சோதித்துப் பார்த்து எண்களைப் பூட்டிவிடுவார். கப்பல் அன்றைக்கு இருந்தபடியே என்றும் இருந்தால் தொல்லை இல்லை. எண்ணெய்க் கப்பல் அப்படி இருக்காது. எண்ணெய் நிரம்பியிருக்கும்போது அது ஆழமாக அமிழ்ந்து மந்தமாகத் திரும்பும், காலியானால் அதன் குணமே வேறு. இதற்காக 1970-களில் சுவீடனின் லுண்ட் நகரத்தைச் சேர்ந்த கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோமும் அவரது குழுவினரும், தன் எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கிச் சுக்கானை உருவாக்கி எண்ணெய்க் கப்பல்களில் சோதித்தார்கள். தெக்கோங்கின் நான்காவது பழக்கம் அது: தன் படகு இன்று எப்படி இருக்கிறது என்று கற்றுக்கொண்டே ஓட்டுவது.

மூன்று மீன்கள், ஒரு திருப்பம்

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் புரிதலுக்காக நாமே போட்டுக்கொண்டவை. கணக்குமுறை உண்மையானது.

ஒரு மீன் ரோபோ 6 வாலடிகளில் 30 பாகை திரும்ப வேண்டும். தொட்டியில் சோதித்தபோது, 1 பாகை வால் சாய்வு ஒவ்வொரு வாலடிக்கும் 0.5 பாகை திருப்பியது. இதை 'திருப்பு எண்' என்போம். ஆனால் இன்று கடலில் நீரோட்டம் வேறு. உண்மையான திருப்பு எண் 0.3 மட்டுமே. மீனுக்கு அது தெரியாது.

முதல் மீனுக்குக் கண்ணே இல்லை. ஒரு வாலடிக்கு 5 பாகை திரும்ப வேண்டும், எனவே சாய்வு 5 ÷ 0.5 = 10 பாகை என்று முதலிலேயே கணக்குப் போட்டு ஆறு முறையும் அதையே செய்கிறது. உண்மையில் ஒவ்வொரு முறையும் 3 பாகைதான் திரும்புகிறது. முடிவில் 18 பாகை. 12 பாகை குறைவு.

இரண்டாம் மீன் ஒவ்வொரு வாலடிக்குப் பிறகும் திசைகாட்டியைப் பார்க்கிறது. மீதி எவ்வளவு, மீதி வாலடிகள் எத்தனை என்று மறுபடி கணக்கிடுகிறது. இதுதான் பின்னூட்டம். ஆனால் திருப்பு எண் 0.5 என்ற பழைய நம்பிக்கையை மட்டும் அது விடுவதில்லை. முதல் அடியில் 3 பாகை, அடுத்து 3.24, பிறகு 3.56 என்று அது போகும். ஆறாவது அடி முடியும்போது இன்னும் ஏறக்குறைய 4.5 பாகை குறைவு. முதல் மீனை விட நன்று, ஆனால் இலக்கு தவறிவிட்டது.

மூன்றாம் மீனும் திசைகாட்டியைப் பார்க்கிறது. கூடவே தன் நம்பிக்கையையும் சோதிக்கிறது. 10 பாகை சாய்த்தேன், 5 பாகை திரும்பியிருக்க வேண்டும், 3 பாகைதான் திரும்பினேன். அப்படியானால் திருப்பு எண் 0.3 போலிருக்கிறது. ஆனால் ஒரே ஓர் அடியை வைத்து முழுவதும் நம்பிவிடாமல், பாதி தூரம் மட்டும் நகர்கிறது. 0.5-க்கும் 0.3-க்கும் நடுவில், 0.4. அடுத்த அடி: மீதி 27 பாகை, 5 அடிகள், அடிக்கு 5.4 பாகை, சாய்வு 5.4 ÷ 0.4 = 13.5 பாகை. இந்த முறை 4.05 பாகை திரும்புகிறது. நம்பிக்கை 0.35-க்கு இறங்குகிறது. இப்படியே 0.325, 0.3125 என்று உண்மையை நெருங்குகிறது. ஆறாவது அடியின் முடிவில் எஞ்சும் பிழை ஏறத்தாழ 0.1 பாகை. மீதி வரிகளை நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

இரண்டாம் மீனுக்கும் மூன்றாம் மீனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் திருத்துகிறது. மூன்றாவது, தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் கருத்தையும் சேர்த்துத் திருத்துகிறது. தகவமைப்புக் கட்டுப்பாடு என்பது அந்த இரண்டாவது திருத்தம்தான். உண்மையான ரோபோக்களில் ஒரு திருப்பு எண்ணுக்குப் பதில் பல எண்கள் இருக்கும். அவற்றைப் புதுப்பிக்கும் சமன்பாடுகளும் நீளமானவை. கருத்து இதுவே.

ஏன் பாதி மட்டும்?

வகுப்பில் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி எழும். 0.3 என்று தெரிந்த பிறகும் ஏன் 0.4-இல் நிற்க வேண்டும்? நேராக 0.3-க்கே போகலாமே?

நமது கணக்கில் போகலாம். கடலில் போகக்கூடாது. அந்த ஓர் அடியில் ஒரு குறுக்கலை தற்செயலாகத் தள்ளியிருக்கலாம். ஒவ்வோர் அலையையும் உண்மை என்று நம்பினால், மீனின் கருத்து அலையோடு ஆடும். மிகச் சிறிதாக மட்டும் திருத்தினால், நீரோட்டம் மாறி வெகுநேரம் ஆன பின்னும் பழைய கருத்திலேயே கிடக்கும். எவ்வளவு வேகமாகக் கற்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் மிக நுட்பமான கேள்வி.

இது விளையாட்டுக் கேள்வியும் இல்லை. தகவமைப்புக் கட்டுப்பாட்டை முதலில் பெரிதாக நம்பியவர்கள் விமானப் பொறியாளர்கள். தரைக்கு அருகே காற்று அடர்த்தி, மேலே போனால் மிகக் குறைவு. ஒரே பிடி இரண்டு இடத்திலும் உதவாது. எக்ஸ்-15 என்ற அமெரிக்க ஏவூர்தி விமானங்களில் ஒன்றில் இத்தகைய கருவி இருந்தது. 1967 நவம்பர் 15 அன்று, 80 கிலோமீட்டருக்கும் மேலே ஏறித் திரும்பிய அந்த விமானம் திசை விலகிச் சுழலத் தொடங்கியது. விமானி மைக்கேல் ஆடம்ஸ் அந்தச் சுழற்சியிலிருந்து மீட்டார். ஆனால் உடனே விமானத்தின் மூக்கு மேலும் கீழுமாகக் கடுமையாக ஆடியது. அந்த நேரத்தில் தன் திருத்தங்களின் வலிமையைக் குறைத்திருக்க வேண்டிய தகவமைப்புக் கருவி குறைக்கவில்லை. விமானம் வானிலேயே உடைந்தது, ஆடம்ஸ் உயிரிழந்தார். 'தானாகக் கற்கும்' என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தச் சூழலிலும் அது தறிகெட்டுப் போகாது என்று கணிதத்தால் நிறுவ வேண்டும் என்பதை அறிஞர்கள் அதன்பின் மேலும் வலியுறுத்தினார்கள். இன்று மீன் ரோபோ பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் நிலைத்தன்மைக்கான நிரூபணம் பக்கம் பக்கமாக வருவதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நேராகவே நீந்திக்கொண்டிருக்கும் மீனுக்கு, திரும்புவதைப் பற்றிக் கற்க வாய்ப்பே இல்லை. சாய்வு சுழியமாக இருந்தால் திருப்பு எண் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். எனவே சில நேரங்களில் ரோபோ வேண்டுமென்றே சற்று வளைந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய மீன்களின் சுக்கான் யார் கையில்?

2018-இல் எம்ஐடியின் டேனியலா ரூஸ், ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் சோஃபி என்ற மென்மையான ரோபோ மீனைப் பீஜித் தீவுகளின் பவளப்பாறைகளுக்கிடையே நீந்தவிட்டதாக அறிவித்தார்கள். அதன் ரப்பர் வாலுக்குள் இரண்டு அறைகள். நீரை மாறி மாறி இரண்டு அறைகளுக்கும் தள்ளினால் வால் ஆடும். ஓர் அறைக்கு அதிகம் தள்ளினால் மீன் திரும்பும். நாம் சொன்ன வால் சாய்வு அதுதான். 18 மீட்டர் ஆழம் வரை அது போனது, ஒரு முறைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் நீந்தியது. உண்மையான மீன்கள் அதைக் கண்டு மிரளவில்லை. ஆனால் திசையை யார் முடிவு செய்தார்? அருகே நீந்திய முக்குளிப்பாளர்தான். நீர் புகாதபடி மூடிய விளையாட்டுக் கருவியிலிருந்து ஒலி அலைகளாகக் கட்டளை அனுப்பினார். கற்றுக்கொண்டே திருத்தும் மூளை மனிதருடையது.

2021-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபுளோரியன் பெர்லிங்கரும் பேராசிரியர் ராதிகா நாக்பாலும் புளூபாட் என்ற சிறு மீன்களை வெளியிட்டார்கள். நாக்பால் இந்தியாவின் அமிர்தசரஸில் வளர்ந்தவர். ஏழு மீன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கேமராக்கள், நீல விளக்குகள். மற்ற மீன்களின் விளக்கைப் பார்த்தே அவை கூட்டமாக வட்டமிட்டன, சிதறின. வெளியிலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. ஆனால் அது நீரோட்டம் இல்லாத தொட்டி.

நீரோட்டத்தை உணர்வதில் எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. மீனின் உடலில் தலையிலிருந்து வால்வரை ஒரு மெல்லிய கோடு ஓடுவதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அது பக்கக்கோடு. நீரின் அசைவையும் அழுத்த மாற்றத்தையும் உணரும் உறுப்பு. மார்யா குரூஸ்மா என்ற பேராசிரியரின் குழு, இதைப் போலவே அழுத்த உணரிகளைப் பதித்த ரோபோ மீனைச் செய்தது. ஓடும் நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அது உடலாலேயே உணர்ந்து தன்னைத் திருத்திக்கொண்டது. திருப்பு எண்ணைப் பிழை செய்து கற்பதற்கு முன்பே, பிழைக்கான காரணத்தை உணரும் வழி இது.

நமக்கு அண்மையிலும் வேலை நடக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2017-இல் மாண்டாடிராய்டு என்ற திருக்கை வடிவ ரோபோவை அறிமுகப்படுத்தியது. இறக்கை போன்ற இரண்டு நெகிழித் துடுப்புகளால் அது நீந்துகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் நீரடி ரோபோக்களுக்கென ஆய்வுக்குழு உண்டு. சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழுவின் மென்மையான ரோபோ, தென்சீனக் கடலில் 3,224 மீட்டர் ஆழத்தில் கட்டில்லாமல் நீந்தியது என்ற செய்தி 2021-இல் வெளிவந்தது. மெர்சிங் கடற்கரையைத் தொடும் அதே தென்சீனக் கடல்தான்.

உடலும் கணக்குப் போடும்

எல்லாவற்றையும் மென்பொருள்தான் செய்ய வேண்டுமா? 2006-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பான விடை தந்தது. ஓடும் நீரில் ஒரு தூணை நட்டால், அதன் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்கள் வரிசையாக உருவாகும். அந்த இடத்தில் ஒரு டிரவுட் மீனின் உடலை வைத்தார்கள். உயிரில்லாத மீன். சுழல்கள் அதன் வளையும் உடலைத் தாளத்தோடு அசைக்க, அது எதிர்நீரோட்டத்தில் முன்னேறியது! மூளையும் இல்லை, தசை வேலையும் இல்லை. சரியான நெகிழ்வு கொண்ட உடலே நீரோடு ஒத்துப்போனது.

உயிருள்ள மீனிலும் மூளை ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாகக் கட்டளை இடுவதில்லை. வாலசைவின் தாளத்தை முதுகுத்தண்டின் நரம்புக் கூட்டங்களே உண்டாக்குகின்றன. மூளை 'வேகமாக', 'மெதுவாக', 'இடப்பக்கம்' என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆக்கே ஐஸ்பீர்ட் குழுவினர் இதே முறையில் நீந்தும் விலாங்கு வடிவ, சலமந்தர் வடிவ ரோபோக்களைச் செய்திருக்கிறார்கள். உடல் ஒரு பங்கு, தாளம் ஒரு பங்கு, கற்றல் ஒரு பங்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் மூன்றுமே எளிதாகின்றன.

நம் கடலுக்கு என்ன மிச்சம்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, இங்கே கடல் கொந்தளிக்கும். தீவுப் படகுகள் குறையும் அல்லது நிற்கும். ஆட்கள் முக்குளித்துப் பார்ப்பது ஆபத்து. அந்த மாதங்களில் கடற்புல் வெளிக்கு என்ன ஆகிறது? கடற்பசு எங்கே மேய்கிறது? மனிதர் போக முடியாத நாள்களில்தான் இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டியிருக்கிறது. கலங்கிய நீர், மாறும் நீரோட்டம், சுருண்டு கிடக்கும் வலை ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே, சத்தமின்றி மணிக்கணக்கில் ஒரே தடத்தில் நீந்தி வரும் கருவி தேவை. அமைதியான தொட்டியில் அழகாகத் திரும்பும் மீன் அங்கே பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதற்குத் தேவை மூன்றாம் மீன்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்களே, தேவையான அடித்தளம் உங்கள் புத்தகப்பையிலேயே இருக்கிறது. விசையும் அழுத்தமும் இயற்பியலில், மாறும் வீதம் கூடுதல் கணிதத்தில், பக்கக்கோடும் நரம்பும் உயிரியலில், நிரலாக்கம் கணினி அறிவியலில். நான்கையும் நான்கு தேர்வுத் தாள்களாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மீன் அவற்றை ஒரே வாலடியில் செய்துவிடுகிறது.

செய்து பாருங்கள்

பள்ளித் திடலில் மூவர் போதும். ஒருவர் 'மீன்', கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் 'கடல்', ஒருவர் 'சுக்கான்'. பத்து மீட்டர் தள்ளி ஒரு கூம்பை இலக்காக வையுங்கள். தரை சமமாகவும் தடைகள் இல்லாமலும் இருக்கட்டும்.

1. சுக்கான் ஒவ்வோர் அடிக்கும் 'இடம் 2', 'வலம் 3' என்று எண்ணால் மட்டுமே கட்டளை தர வேண்டும். மீன் அந்த அளவுக்குத் திரும்பி ஓர் அடி வைக்க வேண்டும்.

2. ஆட்டத்துக்கு முன் கடல், மீனின் காதில் ஒரு ரகசியம் சொல்லும்: 'கட்டளையில் பாதி மட்டும் திரும்பு' அல்லது 'இரண்டு மடங்கு திரும்பு'. சுக்கானுக்கு அது தெரியக்கூடாது.

3. முதல் ஆட்டத்தில் சுக்கான் எல்லாக் கட்டளைகளையும் முன்பே தாளில் எழுதிவிட வேண்டும். இரண்டாம் ஆட்டத்தில் பார்த்துப் பார்த்துச் சொல்லலாம், ஆனால் '1 என்றால் இவ்வளவு' என்ற முதல் கருத்தை மாற்றக்கூடாது. மூன்றாம் ஆட்டத்தில் கருத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

4. ஒவ்வோர் ஆட்டத்திலும் மீன் நின்ற இடத்துக்கும் கூம்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து அட்டவணையில் எழுதுங்கள்.

பிறகு ஒரு நான்காம் ஆட்டம்: நடுவழியில் கடல் தன் ரகசியத்தை மாற்றட்டும். அதைச் சுக்கான் கண்டுபிடிக்க எத்தனை அடிகள் ஆகின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் குறைப்பதற்குத்தான் உலகெங்கும் ஆய்வகங்களில் இரவு விளக்குகள் எரிகின்றன.